கோப்பையைக் கவிழ்த்தால் தெரியும் காலம்

பாராடாங் தீவுக்குப் போகிறவர்கள் இரண்டு அதிசயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒன்று சேற்று எரிமலை. மற்றொன்று சுண்ணாம்புக் குகை. ஜிர்காடாங்கில் வரிசையாக நின்று, காவலுடன் ஜாரவா காட்டைக் கடந்து, மிடில் ஸ்டிரெய்ட்டில் படகேறி நிலாம்பூர் துறையில் இறங்குவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். பிறகு அலையாத்திக் காட்டின் நடுவே சிறு படகில் நயாடேரா வரை போய், அங்கிருந்து நடந்து குகையைக் காண வேண்டும். போர்ட் பிளேயர் என்று பழகிய ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான்; ஆனால் வேறு உலகம்.

சேற்று எரிமலையில் நெருப்பு இல்லை. பூமிக்கடியில் மக்கிய பொருள்களிலிருந்து பிறக்கும் வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது, குமிழி உடைகிறது, சேறு வழிந்து காய்ந்து மேடாகிறது. 2003-லும் 2005-லும் சீறியது. பிறகு இருபது ஆண்டு ஓய்ந்திருந்து, 2025 அக்டோபரில் மறுபடி சீறியது.

இதே தீவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. பார்க்க அழகில்லை என்பதால் சுற்றுலாக்காரர்கள் அதைத் தேடுவதில்லை. ஹாவா பில் என்னும் குகை அது. தொல்லியல் ஆராய்ச்சியாளர் ஸரீன் கூப்பர் அங்கே தோண்டிப் பார்த்தார். அந்தமான் பழங்குடியினர் தின்று எறிந்த கிளிஞ்சலும், பன்றி எலும்பும், உடைந்த பானை ஓடுமாகக் குவிந்த மேடுகள் இத்தீவுக் கூட்டத்தில் பல உண்டு. தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்னும் இடத்துக் குப்பைமேட்டின் அடிப்பகுதி சுமார் 2,200 ஆண்டுப் பழமையானது என்று கரிச்சோதனை காட்டியது. சக்கரம் இல்லாமல், களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே பானை செய்யத் தெரிந்தவர்கள் இந்தத் தீவுவாசிகள். பானை உடைந்து போகும், ஓடு போகாது. இரும்பு துருப்பிடிக்கும், மரம் மக்கும், துணி இற்றுப்போகும். சுட்ட மண் மட்டும் அப்படியே கிடக்கும். அதனால்தான் சரித்திரக்காரர்களுக்கு ஓடு என்றால் உயிர்.

அந்த ஓட்டின் மேல் ஒரு பெயரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அரிக்கமேட்டில் கிடைத்த பெயர்

இதற்குத் தமிழ்நாட்டுப் பக்கத்திலேயே உலகப் புகழ் பெற்ற உதாரணம் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டினார். புதுவை நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் சில சிவப்புச் சில்லுகளை அவர் முன்பே பார்த்திருந்தார். பார்த்ததுமே, அவை இத்தாலியில் அரெஸ்ஸோ ஊரில் செய்தவை என்று கண்டுகொண்டார். தோண்டியபோது அதே வகைச் சில்லுகளில் விபியே, கமுரி, இட்டா என்று குயவர்களின் முத்திரைகள் கிடைத்தன. எந்தக் குயவர் எந்தக் காலத்தில் சூளை வைத்திருந்தார் என்பது இத்தாலியில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஆகவே அரிக்கமேட்டு வாணிகம் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்தது என்று கணக்கிட முடிந்தது. அந்தக் கணக்கை வைத்து, அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பாண்டங்களுக்கும் காலம் குறித்தார்கள். தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு பஞ்சாங்கம் ஆயிற்று.

கீழடியிலும் ஓட்டில் பெயர் உண்டு. ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்று தமிழ்பிராமி எழுத்தில் கீறியிருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் பாத்திரத்துக்கு உரியவரின் பெயர். எவர்சில்வர் தூக்கில் இனிஷியல் வெட்டி வைக்கிறோமே, அந்த வழக்கம்தான். செய்தவன் பெயர் வேறு, வைத்திருந்தவன் பெயர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செய்தவன் பெயரைப் பாத்திரத்தின் அடியில் பொறிப்பதைப் பெரிய சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் 1858 மார்ச்சில் அந்தமானில் கைதிக் குடியிருப்பைத் தொடங்கி, ராஸ் தீவைத் தலைமையிடமாக்கி, 1942-ல் ஜப்பானியர் வரும்வரை அங்கே இருந்தார்கள். தேவாலயம், கிளப், ரொட்டி அடுப்பு, சோடா தொழிற்சாலை எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு குட்டி இங்கிலாந்தாகவே வாழ்ந்தார்கள். 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்ற அதே ராஸ் தீவுதான். துரைமார் வீட்டுத் தேநீர்க் கோப்பையும் தட்டும் கப்பலில் வந்தவை. உடைந்தால் எறிந்துவிடுவார்கள். ஆகவே அந்தமான்வாசி ஒருவர் காலடியில் தட்டுப்படும் வெள்ளைச் சில்லைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்துகொள்வது வீண்வேலை அல்ல.

எலும்பு கலந்த பீங்கான்

இங்கிலீஷ் பீங்கான் என்றால் ‘போன் சைனா’ என்று சொல்வது வழக்கம். அலங்காரத்துக்காக வைத்த பெயர் அல்ல அது. உள்ளபடியே எலும்புதான்.

சீனர்கள் பல நூற்றாண்டுகளாக வெண்களிமண்ணைக் கடும் சூட்டில் சுட்டுப் பீங்கான் செய்துவந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பல் கப்பலாக லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றது. தேயிலைக் கப்பலின் அடித்தளத்தில் பாரத்துக்குப் பாரம், சரக்குக்குச் சரக்கு. 1790-களின் தொடக்கத்தில் கம்பெனி இந்த மொத்த இறக்குமதியை நிறுத்தியது. கார்ன்வால் களிமண்ணைக் கொண்டு பீங்கான் செய்யும் தனியுரிமை ஒருவர் கையில் முடங்கிக் கிடந்தது. 1796-ல் அதன் காலமும் முடிந்தது. சந்தை காலி, மண்ணும் கிடைக்கிறது. ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் குயவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது ஸ்போட் குடும்பம். மூத்த ஜொசையா ஸ்போட் 1733-ல் பிறந்தவர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். தந்தையைப் பிச்சைக்காரர்களுக்கான குழியில்தான் புதைத்தார்கள். பதினாறு வயதில் தாமஸ் வீல்டன் என்னும் குயவரிடம் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்று, 1776-ல் ஸ்டோக் ஊரில் சொந்தத் தொழிற்சாலையை வாங்கினார். செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கி, மெல்லிய தாளில் நீல மையால் அச்சடித்து, அதைப் பாத்திரத்தின் மேல் ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சுடும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். கையால் வரைந்தால் ஒரு தட்டுக்கு ஒரு நாள். அச்சடித்தால் ஒரே சித்திரத்தில் நூறு தட்டு. நடுத்தர வீட்டுக்கும் சித்திரத் தட்டு எட்டியது இதனால்தான்.

மூத்தவர் 1797-ல் காலமானார். லண்டன் கடையைக் கவனித்துவந்த மகன், இரண்டாம் ஜொசையா ஸ்போட், தொழிற்சாலையை ஏற்றார். எலும்புச் சாம்பல் கலப்பது இவர் முதன்முதலாகக் கண்டுபிடித்தது அல்ல. லண்டன் அருகே போ என்னும் இடத்தில் தாமஸ் ஃப்ரை 1740-களிலேயே முயன்றிருக்கிறார். ஆனால் அளவைச் சரியாகப் பிடித்து, உலகமே பின்பற்றும் கலவையாக ஆக்கியவர்கள் ஸ்போட் தந்தையும் மகனும்தான். அந்தக் கலவை பிறகு பெரிதாக மாறவில்லை: பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு வெண்களிமண், கால் பங்கு கார்ன்வால் கல்.

மாட்டெலும்பை வேகவைத்துக் கொழுப்பையும் பசையையும் நீக்குவார்கள். பிறகு சுமார் 1,000 டிகிரிச் சூட்டில் சுட்டு, வெள்ளைச் சாம்பலாக்கி, நீர்விட்டு மாவாக அரைப்பார்கள். பாராடாங் குகையின் சுண்ணாம்பும் எலும்பும் வேதியியலில் ஒரு வகையில் பங்காளிகள். அது கால்சியம் கார்பனேட். இது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அந்த பாஸ்பேட்தான் கல்லோடும் மண்ணோடும் உருகிச் சேர்ந்து, பால்போன்ற வெண்மையையும் உறுதியையும் தருகிறது. முதற்சூட்டில் 1,250 டிகிரி வரை போகும். கண்ணாடிப் பூச்சுக்கு அதைவிடக் குறைந்த சூடு போதும். இப்படிச் செய்த கோப்பை மெல்லியதாக இருந்தாலும் எளிதில் உடையாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும். விளிம்பில் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும்.

இதில் நம் வீடுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. மாமிசம் தொடாத வீட்டில், விருந்தாளி வந்தால் எடுப்பதற்கென்று கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட கோப்பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் பாதி மாட்டெலும்புச் சாம்பல் என்று தெரிந்தால் பாட்டிமார் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டியதில்லை. ஆசாரம் பார்க்கிறவர்கள் அடியில் ‘போன் சைனா’ அல்லது ‘ஃபைன் போன் சைனா’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. வெறும் ‘போர்சலின்’ அல்லது ‘ஸ்டோன்வேர்’ என்றால் வழக்கமாக எலும்பு இராது. கனிமத்திலிருந்து எடுத்த பாஸ்பேட்டைக் கொண்டு எலும்பில்லாமல் செய்த பாத்திரங்களும் நம் நாட்டில் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் ஒன்று: ‘போன் சைனா’ என்று அடியில் எழுதும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முந்திய ஸ்போட் கோப்பையில் பெயர் மட்டும்தான் இருக்கும். எலும்பைப் பற்றிப் பேச்சே இராது.

சூளைக்காரர்களின் பாடும் லேசானதல்ல. மெருகுத் தொட்டியில் பாத்திரத்தை முக்கி எடுத்தவர்களை ஈயம் தின்றது. உலர்ந்த தூளைச் சுவாசித்தவர்களின் நெஞ்சு கட்டிப்போயிற்று. அதைக் ‘குயவர் நோய்’ என்றே அங்கே அழைத்தார்கள். 1841-ல் இந்தத் தொழிலில் இருந்த சிறுவர்களைப் பற்றி அரசாங்க விசாரணையே நடந்தது. துரைமார் மேஜையில் பளபளத்த கோப்பைக்கு இப்படியும் ஒரு பின்பக்கம் உண்டு.

புலி வேட்டை போட்ட தட்டு

ஸ்போட் கம்பெனிக்கும் இந்தியாவுக்கும் தட்டிலேயே ஒரு தொடர்பு. கேப்டன் தாமஸ் வில்லியம்சன் என்பவர் வங்காளப் படையில் இருந்தவர். அவர் எழுதி, சாமுவேல் ஹோவிட் சித்திரம் தீட்டிய ‘ஓரியண்டல் ஃபீல்டு ஸ்போர்ட்ஸ்’ என்னும் பெரிய நூல் 1805 முதல் 1807 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. யானைமேல் ஏறிப் புலியைச் சுடுவது, கரடியை வளைத்துக் கொல்வது போன்ற இந்திய வேட்டைக் காட்சிகள் அதில் இருந்தன. சில ஆண்டுகளில் ஸ்போட் அந்தச் சித்திரங்களை எடுத்து நீல அச்சில் ஒரு முழு விருந்துச் செட்டே வெளியிட்டார். ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் ஒவ்வொரு காட்சி. சாப்பாட்டுத் தட்டுக்குக் கிடைத்தது கரடி சாகும் காட்சி! அதன் மேல்தான் துரை கத்தியும் முள்ளுமாக உட்கார்ந்து சாப்பிட்டார். இந்தச் செட் எலும்புப் பீங்கான் அல்ல, சாதாரண மண்பாண்ட வகை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தட்டின் பின்பக்கத்தில் கம்பெனி பெயரோடு காட்சியின் தலைப்பையும் அச்சடித்துவிட்டார்கள். சில்லாகக் கிடைத்தாலும் எந்த நூலிலிருந்து வந்த சித்திரம் என்று சொல்லிவிடலாம்.

பெயர் மாறிய வரிசை

இனி முத்திரைக்கு வரலாம். ஆரம்ப காலத்தில் ‘ஸ்போட்’ என்ற பெயரைச் சிறு தூரிகையால் கையாலேயே எழுதினார்கள். அல்லது பச்சை மண்ணில் அழுத்திப் பதித்தார்கள். பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் எண் இருக்கும். அது ஆண்டும் அல்ல, விலையும் அல்ல. சித்திரத்தின் வரிசை எண். கணக்குப் புத்தகத்தில் அந்த எண்ணைப் பார்த்து அதே மாதிரிக் கோப்பை மறுபடி செய்து கொடுக்கலாம். 1833-க்குள் இந்த எண்கள் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டன. எண் சிறியதானால் கோப்பை முந்தியது என்று தோராயமாகச் சொல்லலாம்.

இரண்டாம் ஸ்போட் 1827-ல் மறைந்தார். அவர் மகன் 1829-ல் மறைந்தார். 1833-ல் பங்காளியின் மகனான வில்லியம் டெய்லர் கோப்லாண்டு, தாமஸ் காரெட்டுடன் சேர்ந்து தொழிற்சாலையை வாங்கினார். அந்தக் கோப்லாண்டு பிறகு லண்டன் மேயராகவும் இருந்தார். 1833 முதல் 1847 வரை முத்திரை ‘கோப்லாண்டு அண்டு காரெட்’. காரெட் விலகியதும் ‘கோப்லாண்டு’ மட்டும். புதுப் பெயரைச் சந்தை ஏற்குமோ என்ற அச்சம் போலும், ‘கோப்லாண்டு, முன்பு ஸ்போட்’ என்றும் போட்டுக்கொண்டார்கள். கடை கைமாறினால் பழைய முதலாளி பெயரை அடைப்புக்குறிக்குள் போடும் நம் ஊர் பலகையும் இதே ஜாதி. 1851 முதல் 1885 வரை இரண்டு ‘சி’ எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை வந்தது. பிறகு ‘ஸ்போட்’ பெயர் மெல்ல முன்னுக்கு வந்து, ‘ஸ்போட், கோப்லாண்ட்ஸ் சைனா, இங்கிலாந்து’ என்றாயிற்று.

இவற்றைவிடத் துல்லியமானது ஒன்று உண்டு. சுமார் 1870 முதல் இந்தத் தொழிற்சாலை பல பாத்திரங்களில் மாதத்தின் முதல் எழுத்தையும், அதன் கீழே ஆண்டின் கடைசி இரண்டு எண்களையும் மண்ணிலேயே அழுத்திப் பதித்தது. ஒரு சில்லில் ‘96’ என்றிருந்தால் அது 1896-ல் வார்த்தது. செல்லுலார் சிறை கட்டத் தொடங்கிய ஆண்டு. ‘06’ என்றால் சிறை கட்டி முடிந்த 1906. மேலே பூசிய மெருகு அந்த எண்ணை நிரப்பி மங்கலாக்கியிருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

பிற்காலத்துக் கதையில் தமிழ்நாடும் எட்டிப் பார்க்கிறது. கோப்லாண்டு குடும்பம் 1966-ல் கம்பெனியை அமெரிக்கக் கார்போரண்டம் நிறுவனத்துக்கு விற்றது. இதே கார்போரண்டம், சென்னை முருகப்பா குழுமத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் சேர்ந்து 1954-ல் கார்போரண்டம் யூனிவர்சலைத் தொடங்கியது. திருவொற்றியூரில் சாணைக்கல் செய்யும் தொழிற்சாலை அதுதான். சாணைக்கல்லும் ஒரு வகையில் சூளைப் பொருளே. லண்டன் மேயர் வீட்டுக் கோப்பைக்கும் திருவொற்றியூர்ச் சாணைக்கல்லுக்கும் ஒரு காலத்தில் ஒரே சம்பந்தி!

1970-ல், இருநூறாம் ஆண்டு விழாவின்போது, கம்பெனி மறுபடி ‘ஸ்போட்’ என்றே பெயர் சூட்டிக்கொண்டது. 1976-ல் ராயல் வூஸ்டருடன் இணைந்தது. 2008-ல் கடனில் மூழ்கியது. 1776 முதல் ஒரே இடத்தில் நடந்த ஸ்டோக் தொழிற்சாலை மூடப்பட்டது. 2009-ல் போர்ட்மெய்ரியன் என்னும் பக்கத்துக் கம்பெனி பெயரையும் சித்திரங்களையும் வாங்கியது. 1816-ல் தொடங்கிய ‘புளூ இட்டாலியன்’ என்ற நீலச் சித்திரத்தை அது மீண்டும் ஸ்டோக்கிலேயே செய்தது. ‘ஸ்போட்’ பெயரில் வெளிநாட்டில் செய்த சரக்கும் உண்டு. ஆகவே பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ‘மேட் இன் இங்கிலாந்து’ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அந்தமானில் ஏமாற்றும் எழுத்து

எந்தக் கம்பெனியானாலும் பொதுவாகப் பயன்படும் அடையாளங்கள் சில உண்டு. வைர வடிவக் கட்டம் இருந்தால் அந்தச் சித்திரம் அல்லது வடிவம் 1842-க்கும் 1883-க்கும் இடையில் லண்டனில் பதிவானது. கட்டத்தின் உச்சியில் உள்ள சிறு வட்டத்தில் ரோமன் எண் 4 இருந்தால் அது மண்பாண்ட இனம். மூலைகளில் உள்ள எழுத்தும் எண்ணும் ஆண்டு, மாதம், தேதி காட்டும். 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையில் இருந்தது. 1868-லிருந்து வலது மூலைக்குப் போயிற்று. ‘கே’ என்ற ஆங்கில எழுத்து மேலே இருந்தால் 1857, சிப்பாய்ப் புரட்சி ஆண்டு. அதே எழுத்து வலப்பக்கம் இருந்தால் 1883. ‘பி’ மேலே இருந்தால் 1858, கைதிகளை ஏற்றிய முதல் கப்பல் அந்தமானுக்கு வந்த ஆண்டு. ஆனால் இது பதிவான நாள்தான். தட்டு அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். 1884 முதல் கட்டம் போய், ‘ஆர்.டி. நம்பர்’ என்ற வரிசை எண் வந்தது.

‘இங்கிலாந்து’ என்ற சொல் தனியே இருந்தால் அது ஏறக்குறைய 1891-க்குப் பிந்தியது. அமெரிக்காவில் மக்கின்லி என்பவர் கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிச் சரக்கில் எந்த நாடு என்று எழுத வேண்டும் என்றது. அதனால் உலகமெங்கும் பாத்திரங்களின் அடியில் நாட்டின் பெயர் முளைத்தது. ‘மேட் இன்’ என்ற அடைமொழி பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சேர்க்கை.

இந்த அமெரிக்கச் சட்டம் அந்தமான்வாசிக்கு ஒரு பொறியும் வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் ‘நிப்பான்’ என்று போட்ட சில்லு கிடைத்தால், 1942-லிருந்து 1945 வரை இங்கே இருந்த ஜப்பான் ராணுவத்தின் பாத்திரம் என்றே யாரும் நினைப்பார்கள். அப்படியல்ல. அது 1891-க்கும் 1921-க்கும் இடையில் மேலைநாட்டுச் சந்தைக்காகச் செய்த ஏற்றுமதிச் சரக்கு. 1921-ல் அமெரிக்கா ‘ஜப்பான்’ என்றே போடச் சொன்னதால் ‘நிப்பான்’ மறைந்தது. ஜப்பானியத் தரைப்படைப் பாத்திரத்தில் நட்சத்திரமும், கடற்படைப் பாத்திரத்தில் நங்கூரமும் இருக்கும். எழுத்து ஜப்பானியமாக இருக்கும். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற ஆங்கில முத்திரையும் உண்டு. அது போர் முடிந்த பின், 1947 முதல் 1952 வரை, அமெரிக்கப் பிடியில் ஜப்பான் இருந்த காலத்தது. அந்தமான் ஆக்கிரமிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முத்திரையே பொய் சொல்வதும் உண்டு. சீனப் பீங்கானுக்கு மவுசு இருந்த நாளில், இங்கிலீஷ் குயவர்கள் சீன எழுத்துப்போலத் தோன்றும் அர்த்தமற்ற கோடுகளைப் பாத்திரத்தின் அடியில் போட்டார்கள். ஸ்போட்டின் ஒரு முத்திரைகூடச் சீன முத்திரைச் சதுரம் போன்றதுதான். வூஸ்டர்க்காரர்கள் ஜெர்மனியின் மெய்சன் தொழிற்சாலையின் குறுக்குவாளைப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே அடியெழுத்து, எடை, வெளிச்சம் ஊடுருவும் தன்மை, சித்திரம் நான்கும் ஒத்துப்போனால்தான் சாட்சி நிற்கும்.

1789-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் புதிய கைதிக் குடியிருப்பான சிட்னியிலிருந்து கவர்னர் பிலிப் கொஞ்சம் களிமண்ணை லண்டனுக்கு அனுப்பினார். ஸ்போட்டின் போட்டியாளரான ஜொசையா வெட்ஜ்வுட் அந்த மண்ணில் அந்த ஆண்டே ஒரு பதக்கம் வார்த்து, ‘சிட்னி மண்’ என்று பெருமையாகக் காட்டினார். அதே 1789-ல்தான் ஆர்ச்சிபால்டு பிளேர் அந்தமானில் கம்பெனியின் முதல் குடியிருப்பை அமைத்தார். சிட்னி நிலைத்தது. அந்தமான் குடியிருப்பு நோயில் நொடிந்து 1796-ல் கலைந்தது. பிறகு 62 ஆண்டு கழித்துத்தான் மறுபடி வந்தார்கள்.

வந்தவர்களின் குப்பையும் தீவுவாசிகளுக்குப் பயன்பட்டது. முன்பு பளிங்குக் கல்லைச் சில்லாக்கித் தலைமுடி மழித்துவந்த பழங்குடிப் பெண்கள், துரைமார் எறிந்த பாட்டில் கண்ணாடியைச் சில்லாக்கி அதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள் என்று போர்ட் பிளேயர் அதிகாரி இ.எச். மேன் எழுதி வைத்தார். குப்பைமேட்டு மேலடுக்கில் கண்ணாடிச் சில்லு வந்தால் அது வெள்ளைக்காரன் வந்த பிறகு குவிந்தது என்று இதனால் அறியலாம். ஆனால் அந்தச் சில்லு எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கு. எடுத்துப் பையில் போட்டுவிட்டால் அது வெறும் கண்ணாடி.

பாராடாங் போகும் வழியில் ஜாரவா காப்புப் பகுதி இருக்கிறது. 1956-ம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு விதிப்படி அனுமதியில்லாமல் அங்கே நுழைவதே குற்றம். சில்லு பொறுக்கினேன் என்று சாக்குச் சொல்ல முடியாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடியது. அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உடைந்த தட்டுக்குச் சந்தையில் விலையும் இல்லை. மழை அரித்த கரையிலோ, வீட்டுக்கு வானம் தோண்டும் இடத்திலோ வெள்ளைச் சில்லு தென்பட்டால், இருந்த இடத்திலேயே வைத்து அடிப்பக்கத்தையும் சுற்றுப்புறத்தையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, தொல்லியல் துறையினருக்குத் தெரிவிக்கலாம். படத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவும் தெரிந்துவிடும்.